அழித்துவிட்ட பத்துப் படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுத்துவருகிறேன். ஜன்னலருகே உட்கார்ந்து அம்மா ஊசியில் நூல் கோக்கும் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். நண்பர்களிடம் காட்டியபோது பலரும் ‘அருமை’ என்றார்கள். ஒருவர் மட்டும் ஜன்னல் வெளுத்துவிட்டது, முகம் இருண்டிருக்கிறது, படத்தை மூன்று சம பங்குகளாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். அதன்பிறகு கேமராவைத் தொடவே மனம் வரவில்லை. அவருடைய படம் ஒன்றுக்கு நானும் குறை சொல்லப்போக, இப்போது எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. மனம் நோகாமல் குறை சொல்வது எப்படி? இன்னும் நல்ல கேமரா வாங்க வேண்டுமா? அன்று பதினொரு படங்கள் எடுத்தேன். சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

புதிய கேமரா வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு விதியையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது புகைப்படம் பிறப்பதற்கு முன்பே, 1797இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்பவர் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது சொன்னது. உங்கள் படம் நிற்பதும் விழுவதும் அதனால் அல்ல.

முகம் இருண்டிருக்கிறது என்று உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கேமராவின் ஒளிமானி, தனக்கு முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். பின்னால் பிரகாசமான ஜன்னல் இருந்தால், அந்த வெளிச்சத்தைக் குறைக்கும் முயற்சியில் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒன்றரை ஸ்டாப் கூட்டியிருக்கலாம் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும்), அல்லது வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நீங்கள் இரண்டடி நகர்ந்திருக்கலாம். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் மறுநாளே கேமராவை எடுத்திருப்பீர்கள். அடுத்த முறை என்ன செய்வது என்று தெரியாத நிலையில் ஒருவரை விட்டுச்செல்லும் குறை, எவ்வளவு சரியானதாக இருந்தாலும், பாதிக் குறைதான்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோதுதான். பத்துப் படங்களை அழித்துவிட்டீர்கள்! எது சிறந்தது என்று அன்றைக்கே, அந்தச் சிறிய திரையில் பார்த்து, உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கற்றுக்கொள்வதற்கு இருந்ததெல்லாம் அந்தப் பத்தில்தான் இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சிய ஒன்றைக் காட்டி ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால், கேட்கப்பட்டவரும் தீர்ப்பைத்தான் சொல்வார். ‘அருமை’ என்பதும் ‘முகம் இருட்டு’ என்பதும் தீர்ப்புகளே.

ஃபிலிம் காலத்தில் எனக்குப் பழக்கமான மூத்த புகைப்படக்காரர் ஒருவர் தனிப்படத்தைக் கையில் வாங்கவே மாட்டார்; காண்டாக்ட் ஷீட்டைக் கேட்பார். முப்பத்தாறு படங்களும் தபால்தலை அளவில் வரிசையாக அச்சாகியிருக்கும் அந்தத் தாளின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக் குனிந்துகொள்வார். ‘ஒன்பதாவதில் இவரைப் பார்த்திருக்கிறாய், பத்தாவதில் சுவரைப் பார்த்திருக்கிறாய். நடுவில் என்ன நடந்தது?’ என்று கேட்பார். சில நேரம், ‘ட’ வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை ஒரு படத்தின் மேல் வைத்து மெல்ல நகர்த்தி, வேண்டாத ஓரங்களை மறைத்துக் காட்டுவார். நல்லது, கெட்டது என்று அவர் சொல்லிக் கேட்ட நினைவே எனக்கில்லை. அவருடைய கேள்விக்குப் பதில் தேடும்போது எங்கே நின்றேன், எதற்கு அவசரப்பட்டேன், எப்போது பார்ப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே பொத்தானை அழுத்தினேன் என்பதெல்லாம் எனக்கே புலப்பட்டுவிடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவில் எடுத்த, புலம்பெயர்ந்த தாயின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கன்னத்தருகே கை, தோள்களில் முகம் திருப்பிச் சாய்ந்த இரண்டு குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. அன்று அந்தத் தாயின் கூடாரத்தின் முன் லாங்கே எடுத்த வேறு சில படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் கூடாரம் முழுவதும் தெரிகிறது, மூத்த பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வேறொன்றில் லாங்கே இன்னும் நெருங்கியிருக்கிறார். சூழலை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அவர் அந்த முகத்தை அடைந்த பாதை அவற்றில் இருக்கிறது. புகழ்பெற்ற படத்தின் வலது கீழ்மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கட்டைவிரல் நுழைந்திருந்தது. லாங்கே பின்னர் அதை நெகட்டிவிலேயே மங்கச் செய்தார். நம்மில் பெரும்பாலோர் சொல்லும் விமர்சனம் அந்தக் கட்டைவிரலைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. விரல் உறுத்துவது உண்மைதான். ஆனால் அவர் எப்படி நெருங்கினார் என்பதை அந்த விரல் சொல்லாது.

உங்கள் படத்தில் என் கண் முதலில் போனது இடது ஓரத்தில் இருக்கும் சிவப்பு வாளிக்கு. பிறகுதான் அம்மாவின் விரல்களுக்கு வந்தேன். ஊசி வெளிச்சத்தில் கரைந்து காணாமல் போயிருக்கிறது. ஆனால் நூலைப் பிடித்திருக்கும் விரல்களின் இறுக்கமும் சற்றே திறந்த வாயும் அப்படியே கிடைத்திருக்கின்றன. அவற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டடி முன்னால் போகத் துணிந்தீர்களா, போய்விட்டுத் திரும்பி வந்தீர்களா என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பத்துப் படங்கள் இருந்திருந்தால் இதை நான் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி யாரிடமாவது படத்தைக் காட்டினால் முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை ‘அன்று வெளிச்சம் போதவில்லை’ என்று விளக்கம் சொல்லிக் குறுக்கிடாதீர்கள். அவர் கண் முதலில் எங்கே போனது என்பதை மட்டும் கேளுங்கள். அதில் மனம் நோக ஒன்றுமில்லை.

நண்பருடைய விஷயத்திலும் இதையே செய்யலாம். நீங்கள் குறை சொன்ன அவருடைய படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு, அவரோடு உட்கார்ந்து வரிசையாகப் பாருங்கள். அவரும் அழித்திருந்தால், இந்தக் கடிதத்தை அவருக்கும் காட்டுங்கள்.