காசு கரையாத கைவேலை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பதினைந்து வருடமாக ஓலை, சிரட்டை, பழந்துணி என்று ஏதாவது ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவள் நான். கைவேலை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாயை விட்டேன், இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும் அக்கா? வீடியோக்களில் குளூ கன், மினுக்கத் தாள், மணி என்று பெரிய பட்டியலே சொல்கிறார்கள். (சாவகச்சேரி)

ஒன்றும் வாங்காதேங்கோ தங்கச்சி. நல்ல கத்தரிக்கோல், ஒரு சாக்கூசி, ஒரு போத்தல் பைண்டர் கம், இவ்வளவும் போதும். குளூ கன் வாங்குகிற காசை மிச்சம் பிடியுங்கள், ஏனென்றால் அந்தப் பசை சூட்டில் உருகி ஒட்டுகிற சாமான், சூடு கண்டால் திரும்பவும் இளகும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் தகரக் கூரைக்குக் கீழே என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை ஒரு வீட்டு விசேஷத்துக்கு வாசலில் காகிதப் பூ வளைவு ஒட்டிக் கொடுத்தேன், காலையில் அழகாகத்தான் இருந்தது, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பூக்கள் ஒவ்வொன்றாகப் பந்திக்கு வந்தவர்களின் தலையில் விழத் தொடங்கிவிட்டன. அன்றிலிருந்து கட்டக்கூடியதை நூலால் கட்டுவேன், தைக்கக்கூடியதைத் தைப்பேன், வேறு வழியே இல்லையென்றால்தான் ஒட்டுவேன்.

காகித வேலைக்குக் கோதுமைமாப் பசை தாராளமாகக் காணும். ஒரு பங்கு மா, ஐந்து பங்கு தண்ணீர், கட்டி படாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி வரும்வரை மெல்லிய நெருப்பில் கிண்டி இறக்குங்கள். கொஞ்சம் வினாகிரி விட்டால் பூஞ்சணம் பிடிக்கச் சுணங்கும். சிலர் துருசு (மயில்துத்தம்) போடச் சொல்வார்கள், பூச்சி வராதுதான், ஆனால் அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

பனையோலையில் பெட்டி இழைத்துப் பார்த்தேன். பாதியில் ஓலை வெடிக்கிறது. தப்பி முடித்த ஒன்றும் இரண்டு கிழமையில் இடைவெளி விட்டுச் சல்லடை மாதிரி ஆகிவிட்டது. (பருத்தித்துறை)

இரண்டும் ஒரே பிழை, ஈரத்தின் கணக்குத் தவறியதுதான். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் வெடிக்கும். அதற்குப் பயந்து வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் ஓலை ஊதிவிடும், நீங்கள் இறுக்கமாக இழைத்ததாக நினைப்பீர்கள், பிறகு அது காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விழும். நான் செய்வது இதுதான்: கீற்றுக் கீற்றாக வார்ந்த ஓலையைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு மூன்று மணி நேரம் வைப்பேன். விரலில் சுற்றினால் முறியக்கூடாது, தொட்டால் தண்ணீர் ஒட்டவும் கூடாது, அதுதான் பதம். இழைத்து முடித்தவுடன் விளிம்பு கட்ட அவசரப்படாதீர்கள். ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு, அடுத்த நாள் ஒவ்வோர் இழையாக இழுத்து இறுக்கி, அதற்குப் பிறகு விளிம்பை மடக்குங்கள்.

இன்னொன்று, என்ன ஓலை எடுத்தீர்கள்? சின்னப் பெட்டி, குட்டான் என்கிற சிறு கூடை போன்றவற்றுக்குக் குருத்தோலைதான் சரி. விரிந்த சார்வோலை கடகத்துக்கும் (பெரிய கூடை) பாய்க்கும் நல்லது, அதில் நுணுக்க வேலை பார்க்கப்போனால் கைதான் கிழியும். வார்கள் எல்லாம் ஒரே அகலமாக இருக்கட்டும், மொட்டைக் கத்தியின் முதுகில் ஒருதரம் இழுத்துவிட்டால் படிந்து வரும். வடலியில் (இளம் பனையில்) குருத்து வெட்டும்போது ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை விரியவிடுங்கள், தொடர்ந்து குருத்தையே வெட்டினால் மரம் தேறாது. ஆரம்பத்திலிருந்து முறையாகப் பழக விருப்பமென்றால் பனை அபிவிருத்திச் சபையில் கேட்டுப் பாருங்கள். 1978 இலிருந்து இருக்கிற சபை, பனையோலைக் கைப்பணிக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஆனால் உங்கள் ஒழுங்கையில் கடகம் பொத்தத் தெரிந்த ஓர் ஆச்சி இருந்தால் முதலில் அவரிடம் போங்கள், பக்கத்தில் இருந்து அவர் விரலைப் பார்த்தாலே பாதி வந்துவிடும்.

ஓலைக்குச் சாயம் போட மஞ்சளும் பீற்றூட்டும் போதுமா? (கோண்டாவில்)

போடும் அன்றைக்கு நன்றாக இருக்கும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் நிற்காது, யன்னலோரம் வைத்தால் சீக்கிரமே வெளிறிவிடும், பீற்றூட் அதைவிட மோசம். வீட்டுச் சாமானில் எனக்குப் பிடித்தது தேயிலைச் சாயம்தான், கொதிக்கக் கொதிக்க ஊறவைத்தால் பழைய மரத்தின் நிறம் வரும், வெளிறினாலும் அசிங்கமாகத் தெரியாது. எங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கமும் மன்னாரும் ஒருகாலத்தில் சாயவேருக்குப் பெயர்போன இடங்கள், ஒல்லாந்தர் காலத்தில் அந்த வேரைத் தோண்டித்தான் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். இன்றைக்கு அதைத் தேடி அலைய முடியாது, ஆகவே சிவப்பும் பச்சையும் வேண்டுமென்றால் சாயப்பொடிதான். தண்ணீர் கொதித்ததும் பொடியோடு ஒரு பிடி உப்புப் போட்டு, ஓலை முழுக்க அமிழ அரை மணி நேரம் அவியவிடுங்கள், பிறகு அலசி நிழலில் உலர்த்துங்கள். சமைக்கிற சட்டியில் இதைச் செய்யவே வேண்டாம். சாப்பாடு வைக்கிற பெட்டிக்குச் சாயமே வேண்டாம்.

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஓலை நீத்துப்பெட்டி ஒன்று இருக்கிறது. இங்கே அதில் புட்டு அவிப்பதில்லை. அலங்காரமாக மாட்டலாமா? ஓரம் உதிர்கிறது. (ரொறன்ரோ)

மாட்டுங்கள், நீத்துப்பெட்டியின் கூம்பு வடிவம் கவிழ்த்துத் தொங்கவிட்டால் விளக்குக்கு மூடி மாதிரியே இருக்கும். எல்ஈடி பல்ப் மட்டும் போடுங்கள், சூடாகிற பழைய பல்ப் ஓலையைக் கருக்கிவிடும். உதிர்வது உங்கள் வீட்டுக் குளிர்கால ஹீற்றரின் வேலை, காற்றில் ஈரமே இல்லாவிட்டால் ஓலை நொறுங்கும். இடைக்கிடை மெல்லியதாகத் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். ஓரத்தைப் பருத்தித் துணி நாடாவால் சுற்றித் தைத்துவிடுங்கள், அம்மாவின் பழைய சேலைக் கரை கிடைத்தால் இன்னும் விசேஷம்.

காரைநகர் கசூரினா கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளால் கண்ணாடிச் சட்டம் செய்தேன். வீடே நாறுகிறது!

உள்ளே சதை இருந்திருக்கிறது. நானும் இப்படி ஒரு பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு எலி செத்துப்போச்சு என்று இரண்டு நாள் தேடியிருக்கிறேன். வெறும் ஓடுகளை மட்டும் எடுங்கள், பத்து நிமிடம் அவியுங்கள், ஊசியால் உள்ளே கிளறிக் கழுவுங்கள், இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். அப்போதும் நாறினால் பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைக்கலாம், ஆனால் அதோடு வினாகிரியைக் கலக்காதீர்கள், வருகிற புகை ஆளையே விழுத்தும். அப்புறம், கரையில் பவளக் கொடி கிடந்தாலும் எடுக்க வேண்டாம், அது சட்டச் சிக்கல்.

சிரட்டைக்குள் மெழுகுதிரி வைக்கலாமா? (மானிப்பாய்)

சிரட்டை என்ன, அடுப்புக்கு எரிக்கிற சாமான்தானே! கட்டாயம் வைக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு சிறிய தகரக் கிண்ணம், அதைச் சுற்றி மணல், பக்கத்தில் ஆள். மினுக்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு: கண்ணாடித் துண்டால் தும்பைச் சுரண்டி, முதலில் கரடுமுரடான அரத்தாள், பிறகு மெல்லியது, கடைசியில் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் தேயுங்கள். வார்னிஷ் தேவையில்லை.

பழைய சேலையில் வட்டக் கால்மிதி பின்னினேன், தட்டையாக வராமல் சட்டி மாதிரிக் கிண்ணமாக எழும்புகிறது.

இழுத்துத் தைக்கிறீர்கள். மடியில் வைத்துத் தைப்பதை விட்டுவிட்டு மேசையில் படுக்கவைத்துத் தையுங்கள், வட்டம் பெரிதாகப் பெரிதாகப் பின்னலைக் கொஞ்சம் தளர்த்தி விட வேண்டும். ஏற்கனவே எழும்பிவிட்டதா? இன்னும் நான்கு சுற்றுத் தைத்துக் கூடையாக்கிவிடுங்கள். எங்கள் வீட்டு வெங்காயக் கூடை அப்படித்தான் பிறந்தது.

குடிபூரல் (புதுமனை புகுவிழா) வருகிறது. மண்டபக்காரர்கள் சொல்லும் அலங்காரக் கூலி கட்டாது. றெஜிபோம் (தெர்மோகோல்) இல்லாமல் என்ன செய்யலாம்? (உரும்பிராய்)

றெஜிபோம் இல்லாமல்தான் எங்கள் பாட்டிமார் எல்லாக் கொண்டாட்டமும் செய்தார்கள். வாழை இரண்டு, நிறைகுடம், மாவிலை, தென்னங்குருத்து, கோலம். குருத்தோலைத் தோரணத்தை மட்டும் தெரிந்தவரைக் கொண்டு கட்டுங்கள், ஏனென்றால் மங்கலத் தோரணத்தில் ஓலையை மடித்துச் செய்கிற குருவித்தலை நான்கு மேல்நோக்கி இருக்க வேண்டும், மூன்றாகக் கீழ்நோக்கிக் கட்டுவது செத்தவீட்டுக்கு. வீடியோ பார்த்துத் தலைகீழாகக் கட்டிவிட்டு வாசலில் பெரியவர்களிடம் பேச்சு வாங்காதேங்கோ. தோரணத்தை முதல்நாள் பின்னேரம் கட்டி ஈரத்துணியால் மூடிவைத்தால் அடுத்த நாள் வாடாமல் இருக்கும். பின்னணிக்கு இரண்டு பட்டுச்சேலையைக் கயிற்றில் கொசுவி விட்டாலே போதும், குண்டூசி குத்தாமல் துணிக்கிளிப் போடுங்கள்.

விற்க என்ன விலை வைப்பது? சொந்தக்காரர் எல்லாரும் "ஓலைதானே, சும்மா கிடைப்பது" என்கிறார்கள்.

ஓலை சும்மாதான், உங்கள் முதுகு சும்மா இல்லை. ஒரு பெட்டிக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று குறித்து வையுங்கள், உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி என்னவோ அதை வைத்துப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். அந்த விலைக்கு ஆள் வாங்காவிட்டால் விலையைக் குறைக்காதீர்கள், சீக்கிரம் முடிகிற வேறு சாமானுக்கு மாறுங்கள். சொந்தக்காரருக்கு ஒன்று இனாமாகக் கொடுங்கள், இரண்டாவதுக்குக் காசு.

போத்தல், பெட்டி, துணி என்று நான் சேர்ப்பதைப் பார்த்து இவர் வீட்டைக் குப்பைமேடாக்குகிறாய் என்று சண்டை பிடிக்கிறார்.

இங்கேயும் அதே சண்டைதான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: எனக்கு ஓர் உரப்பை, அது நிரம்பினால் ஒன்றைச் செய்து முடிக்காமல் அடுத்ததைச் சேர்க்கக்கூடாது. அவரும் தன் பழைய சைக்கிள் சாமான்களுக்கு ஒரு பை வைத்திருக்கிறார். அது நிரம்பி இரண்டு வருடமாகிறது.