நீங்கள் ஆதரிக்கும் அணியின் மிகவும் ஏமாற்றமான சீசன் எது, ஏன் அப்படி ஆனது?

நியூயார்க் ஜெட்ஸ், 2023. அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிற யாரிடம் கேட்டாலும், "ராட்ஜர்ஸ் நாலாவது ஸ்னாப்பிலேயே காயம்பட்டு வெளியே போனாரே, அந்த வருஷம்தானே" என்பார்கள். நடந்தது அதுதான். ராட்ஜர்ஸ் எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர். ஸ்னாப் என்றால் ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்து அவர் கைக்கு வருவது. ஆனால் அந்த சீசன் நாசமானதற்குக் காயத்தை மட்டும் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்கு அடுத்து யார் என்பதை அணி நிர்வாகம் அந்த வருடம் முழுக்க ஒழுங்காக யோசிக்கவே இல்லை. அதற்கான விலையைக் கொடுத்தது நல்ல ஃபார்மில் இருந்த ஒரு டிஃபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்கும் பிரிவு.

ஜெட்ஸ் பெயர்தான் நியூயார்க். ஆடுவது நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் உள்ள மெட்லைஃப் ஸ்டேடியத்தில். நானும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் வழியாக இந்த அணி ஒட்டிக்கொண்டது. 1969 ஜனவரியில் ஜோ நேமத் காலத்தில் வென்ற சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டிதான் இவர்களுக்கு இன்றுவரை ஒரே சூப்பர் பவுல். 2010 சீசனுக்குப் பிறகு, சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப் பக்கமே போனதில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் ஓப்பனர் டக் அவுட் ஆனாலும் பின்னால் வருகிறவர்கள் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தலாம். இங்கே ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலும் குவார்ட்டர்பேக் கையில்தான் தொடங்குகிறது. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு போக வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. அந்த ஒருவர் சரியில்லையென்றால் மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் வாய்ப்பு கிடைப்பதே அரிது.

2022 சீசனிலேயே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் சாஸ் கார்ட்னர், கேரட் வில்சன், ப்ரீஸ் ஹால் என்று மூன்று நல்ல பையன்கள் வந்தார்கள். அந்த வருடத்தின் சிறந்த புதுமுக விருது டிஃபென்ஸில் சாஸுக்கு, தாக்கும் பிரிவான அஃபென்ஸில் கேரட்டுக்கு. எதிரணிக்குக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணிகளில் ஜெட்ஸ் நான்காவது. ஏழு வெற்றி, நான்கு தோல்வி, 7-4 என்று நின்றார்கள். அப்புறம் கடைசி ஆறு ஆட்டத்தையும் தோற்று 7-10 என்று முடித்தார்கள்.

காரணம், 2021 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் ஸாக் வில்சன். நவம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுடன் ஓர் ஆட்டம். இரண்டாம் பாதி முழுவதும் சேர்த்து ஜெட்ஸ் அஃபென்ஸ் நகர்ந்தது 2 யார்டு. டிஃபென்ஸ் எதிரணியை மூன்றே புள்ளியில் அடக்கி வைத்திருந்தது. கடைசி நொடிகளில், ஜெட்ஸ் உதைத்த பந்தைப் பிடித்து எல்லைக்கோடு வரை ஓடிய ஒரு பன்ட் ரிட்டர்ன் டச்டவுனில் 10-3 என்று தோற்றார்கள். டிஃபென்ஸைக் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு, இல்லை என்றார் வில்சன். அடுத்த வாரம் அவரை வெளியே உட்கார வைத்தார் கோச் ராபர்ட் சாலே.

ஆகவே 2023 ஏப்ரலில் கிரீன் பே பேக்கர்ஸிடமிருந்து ஆரன் ராட்ஜர்ஸை வாங்கியபோது, இனி கவலை இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். வயது 39. ஆனால் நான்கு முறை எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), கையில் ஒரு சூப்பர் பவுல். அவருக்குப் பழக்கப்பட்ட நத்தானியல் ஹாக்கெட்டை அஃபென்ஸ் பயிற்சியாளராக ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். பேக்கர்ஸில் அவரோடு ஆடிய ஆலன் லசார்ட், ராண்டல் காப், டிம் பாயில் ஆகியோரும் வந்தார்கள். ஒருவரைச் சுற்றியே வீட்டைக் கட்டினார்கள். ஆனால் இரண்டாவது குவார்ட்டர்பேக்? அதே ஸாக் வில்சன்.

செப்டம்பர் 11, திங்கள் இரவு, பஃபலோ பில்ஸுடன் முதல் ஆட்டம். ராட்ஜர்ஸ் அமெரிக்கக் கொடியை ஏந்திக்கொண்டு ஓடி வந்தபோது அரங்கம் அதிர்ந்தது. நாலாவது ஸ்னாப்பில் லெனார்ட் ஃப்ளாய்ட் அவரைப் பிடித்து வீழ்த்தினார். அடி பலமாகத் தெரியவில்லை. எழுந்து நின்றார். பிறகு தானாகவே மறுபடி தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. இடது காலின் அக்கிலீஸ் தசைநார் அறுந்துவிட்டது என்று மறுநாள் உறுதியானது.

அன்றைய ஆட்டத்தில் ஜெட்ஸ் ஜெயித்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜோர்டன் வைட்ஹெட் மட்டும் ஜோஷ் ஆலனின் பந்துகளை மூன்று முறை பறித்தார். கூடுதல் நேரத்தில், டிராஃப்டில் யாருமே எடுக்காத சேவியர் கிப்சன் 65 யார்டு பன்ட் ரிட்டர்ன் ஓடி 22-16 என்று முடித்தார். குவார்ட்டர்பேக் இல்லாமலே பஃபலோவைத் தோற்கடிக்கும் அளவுக்கு மற்றவர்கள் இருந்தார்கள். கொஞ்சம் நிதானமாக ஆடத் தெரிந்த ஓர் அனுபவசாலியை அந்த வாரமே கூட்டி வந்திருந்தால் போதும். செய்யவில்லை. செப்டம்பர் கடைசியில் ட்ரெவர் சீமியனைப் பயிற்சி அணிக்கு எடுத்ததோடு சரி.

வில்சனை முழுக்கக் குறை சொல்வது நியாயமில்லை. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுடன் 17-0 என்று பின்தங்கியிருந்த அணியை 20-20 வரை கொண்டுவந்தவர் அவர்தான். மூன்று புள்ளியில்தான் தோற்றார்கள். அந்த சீசனில் அவர் ஆட வேண்டிய திட்டமே இல்லை, ராட்ஜர்ஸிடம் கற்றுக்கொள்ளட்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் நின்று அவரைக் காக்க வேண்டிய தடுப்பு வரிசையும் ஆட்டம் கண்டது. அதில் நல்லவரான அலைஜா வேரா-டக்கருக்கும் ஐந்தாவது வாரத்தில் அக்கிலீஸ் அறுந்தது.

நடுவில் ஒரு ஆட்டத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அக்டோபர் 15, பிலடெல்பியா ஈகிள்ஸ். அதுவரை ஜெட்ஸ் ஈகிள்ஸைத் தன் வரலாற்றிலேயே தோற்கடித்ததில்லை. ஈகிள்ஸ் 5-0 என்று வந்தது. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களை மறிக்கும் ஜெட்ஸின் முதல் நிலை கார்னர்பேக்குகளான சாஸ் கார்ட்னர், டி.ஜே. ரீட் இருவருமே தலையில் அடிபட்டு அன்று ஆடவில்லை. அப்படியும் ஜேலன் ஹர்ட்ஸின் பந்துகளை மூன்று முறை பறித்தார்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது 14-12 என்று பின்தங்கிய நிலையில் டோனி ஆடம்ஸ் பறித்த அந்தக் கடைசிப் பந்தையும், அடுத்து ப்ரீஸ் ஹால் ஓடிய டச்டவுனையும் இன்றும் எடுத்துப் பார்ப்பேன். 20-14. இந்த அணி என்னவாக இருந்திருக்கும் என்று யாராவது கேட்டால் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

அதன் பிறகு சரிவு. சார்ஜர்ஸுடன் 27-6, ரெய்டர்ஸுடன் 16-12. இரண்டு ஆட்டத்திலும் ஒரு டச்டவுன்கூட இல்லை. பஃபலோவில் 32-6 என்று தோற்றதும் வில்சனைத் தூக்கிவிட்டு டிம் பாயிலை இறக்கினார்கள்.

பாயிலின் முதல் ஆட்டம் நவம்பர் 24, மயாமி டால்ஃபின்ஸுடன். முதல் பாதி முடியும் தறுவாயில் ஜெட்ஸ் டிஃபென்ஸே பந்தைப் பறித்து டச்டவுன் அடித்து 10-6 என்று கொண்டுவந்தது. உடனே மறுபடி ஒரு பந்தைப் பறித்தார்கள். இரண்டு நொடி மீதி. பாயில் டால்ஃபின்ஸின் எல்லைக்கோட்டை நோக்கி ஓங்கி ஒரு பந்தை எறிந்தார். டால்ஃபின்ஸின் ஜெவன் ஹாலண்ட் அதைப் பிடித்து 99 யார்டு ஓடி டச்டவுன் அடித்துவிட்டார். 17-6. டிஃபென்ஸ் சம்பாதித்துக் கொடுத்த வாய்ப்பு எதிரணியின் புள்ளியானது. அந்த சீசன் முழுவதையும் ஒரே காட்சியில் பார்க்க வேண்டும் என்றால் இதுதான். கடைசியில் 34-13. மூன்று வாரம் கழித்து அதே மயாமியிடம் 30-0 என்று தோற்று, பிளேஆஃப் வாய்ப்பும் போயிற்று.

எனக்கு இன்றும் ஆறாதது டிசம்பர் 28. கிளீவ்லாந்து பிரௌன்ஸும் அந்த வருடம் தங்கள் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனைக் காயத்தால் இழந்தது. நட்சத்திர ஓட்டக்காரர் நிக் சப் இரண்டாவது வாரமே போய்விட்டார். அவர்கள் என்ன செய்தார்கள்? எந்த அணியிலும் இல்லாமல் இருந்த 38 வயது ஜோ ஃப்ளாக்கோவை நவம்பரில் கூப்பிட்டார்கள். அவர் யார்? நியூ ஜெர்சிக்காரர். 2022இல் ஜெட்ஸுக்கே ஆடியவர். அந்த வருடம் இதே கிளீவ்லாந்து மைதானத்தில், கடைசி இரண்டு நிமிடத்தில் 13 புள்ளி பின்தங்கியிருந்த ஜெட்ஸை 31-30 என்று ஜெயிக்க வைத்தவர். அவரைத்தான் ஜெட்ஸ் விட்டுவிட்டது. ராட்ஜர்ஸ் விழுந்த பிறகும் கூப்பிடவில்லை. அன்றிரவு அவர் ஜெட்ஸுக்கு எதிராக 309 யார்டும் மூன்று டச்டவுனும் எறிந்தார். 37-20. பிரௌன்ஸ் பிளேஆஃப் போனது. அந்த சீசனில் ஐந்து பேரைத் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறக்கியும் 11-6 என்று முடித்தார்கள். ஜெட்ஸ் மறுபடியும் 7-10.

அதனால்தான் காயம், துரதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. காயம் எல்லா அணிக்கும் வரும். நவம்பர் முழுக்க ராட்ஜர்ஸ் மைதான ஓரத்தில் பந்து எறிந்து பழகுவதைக் காட்டிக்காட்டி, டிசம்பரில் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையை ஊட்டினார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே இருக்கிற ஓட்டையை அடைக்காமல் விட்டார்கள். மொத்த யார்டு கணக்கில் லீக்கிலேயே மூன்றாவதாக இருந்த டிஃபென்ஸுக்குச் செய்த அநியாயம் அது.

ராட்ஜர்ஸ் குணமானதும் எல்லாம் சரியாகியிருக்குமே என்று கேட்கலாம். 2024இல் அவர் 17 ஆட்டமும் ஆடினார். 5-12. ஐந்தாவது வாரத்தோடு சாலேவை நீக்கினார்கள், நவம்பரில் பொது மேலாளர் ஜோ டக்ளஸையும். 2025 நவம்பர் 4ஆம் தேதி, ஒரே நாளில் சாஸ் கார்ட்னரை இண்டியானாபோலிஸுக்கும், டிஃபென்ஸ் முன்வரிசையின் தூணான குவின்னன் வில்லியம்ஸை டாலஸுக்கும் அனுப்பிவிட்டார்கள். கேரட் வில்சன் அதற்கு முந்தைய ஜூலையில்தான் நீண்ட ஒப்பந்தம் போட்டார். அவருக்காக நான் இன்னும் பார்க்கிறேன். சாஸும் குவின்னனும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெட்ஸ் சட்டையில் ஆடாமலே போய்விட்டார்கள்.