சோவியத் போர்ப் பதக்கங்களை அசல் ஆவணத்தோடு சேர்த்தே வாங்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

ஆவணத்தோடு கூடிய பதக்கம் என்றால், 1941–45 போரில் ஒரு வீரருக்கு வழங்கிய விருதும், அவர் பெயரில் தந்த சான்றுப் புத்தகமும் பிரியாமல் ஒன்றாக இருப்பது.

செவ்விண்மீன் விருது, புகழ் விருது, போர்க்கால ‘வீரத்துக்காக’ பதக்கம் ஆகியவற்றின் பின்பக்கத்தில் வரிசை எண் உண்டு. அதே எண் புத்தகத்தில் வீரரின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும். வண்டியின் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போவது போலத்தான். பெயர் தெரிந்தால், ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மக்களின் வீரச்செயல்’ இணையதளத்தில் அவருடைய பரிந்துரைத் தாளைத் தேடலாம். எந்த நாளில், எந்தச் சண்டையில், என்ன செய்தார் என்று அவருடைய தளபதி எழுதியது பெரும்பாலும் அதில் இருக்கும். என்னைப் பொறுத்தவரை சேகரிப்பின் உயிரே அந்தத் தாள்தான். பதக்கத்தையும் புத்தகத்தையும் தனித்தனியாக விற்பவர்கள் ஒரு மனிதரின் வரலாற்றையே அறுத்துவிடுகிறார்கள்.

ஏமாற்று எங்கே நடக்கிறது? பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு, கையிலுள்ள புத்தகத்துக்கு ஏற்ற எண்ணைப் பொறிப்பார்கள். உருப்பெருக்கியில் பாருங்கள்: எண்ணைச் சுற்றி உலோகம் பள்ளமாகவோ புதிதாய்ப் பளபளப்பாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். புத்தகத்தின் தாளைப் புற ஊதா விளக்கில் காட்டுங்கள்; நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது பிற்காலத் தாள்.

பெர்லினைக் கைப்பற்றியதற்கான, ஸ்டாலின்கிராடைக் காத்ததற்கான, ஜெர்மனியை வென்றதற்கான பதக்கங்களில் எண் கிடையாது. சான்று பெயரை மட்டுமே சொல்லும். ரஷ்யாவுக்குள் சோவியத் அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

புத்தகத்தில் 1947 என்றிருந்தால் போலி என்று பலர் ஒதுக்குகிறார்கள். போர்முனையில் தந்த தற்காலிகச் சான்றைப் பின்னாளில் மாற்றிக் கொடுத்ததால் அப்படித் தேதி வருவது இயல்பு.