பிரியும்போது பாக்டீரியா கிழிந்துவிடாதா?

கேள்வி: பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது சுவர் கிழிந்து உள்ளிருப்பது கொட்டிவிடாதா? நடு இடம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

பதில்: ஆய்வகத்தில் நான் அதிகம் பழகியது ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுடன்தான்; அதை வைத்தே சொல்கிறேன். அதன் சுவர், சர்க்கரை இழைகளைக் குட்டையான பெப்டைடுகளால் (அமினோ அமிலச் சங்கிலிகளால்) கோத்த வலை. உள்ளே அழுத்தம் அதிகம், வலை அறுந்தால் செல் வெடித்துவிடும். அதனால் வெட்டிவிட்டு அடைக்கும் வேலையே கிடையாது. புதுச் சுவரை உள்நோக்கிக் கட்டிக்கொண்டே பிரிகிறது.

முதலில் எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் நடுவில் வளையமாகச் சேரும். இந்த வளையம் 1991-இல்தான் கண்டறியப்பட்டது. அங்கே எஃப்டிஎஸ்டபிள்யூ என்ற புரதம் சர்க்கரை இழையை நீட்ட, எஃப்டிஎஸ்ஐ என்ற இன்னொரு புரதம் குறுக்கு இணைப்புகளைப் போடுகிறது.

சரி, நடு இடம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மின்டி, மின்இ என்ற புரதங்களின் ஆட்டத்தால், வளையத்தைத் தடுக்கும் மின்சி என்ற புரதம் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓயாமல் போய்வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். சராசரியாகப் பார்த்தால் முனைகளில்தான் தடை அதிகம், நடுவில் குறைவு. வளையம் அங்கே அமைகிறது. அளவுகோல் இல்லாமல் நடுவைக் கண்டுபிடிக்கும் இந்த வழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராது!

எஃப்டிஎஸ்ஐ எவ்வளவு முக்கியம் என்பதை செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் காட்டிவிடும். அந்த மருந்து இப்புரதத்தில் ஒட்டி வேலையை நிறுத்துகிறது. அப்புறம் நுண்ணோக்கியில் பாருங்கள்: பிரிய முடியாமல் செல்கள் நூல் நூலாக நீண்டு கிடக்கும். நீளவாட்டில் சுவர் கட்டுவது எம்ஆர்இபி என்ற புரதம் வழிநடத்தும் வேறொரு புரதக் கூட்டம், அது நிற்பதில்லை.