வறண்ட ஆற்றைப் பார்த்தபடி பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

(ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர், கும்பகோணம்)

கேள்வி (மன்னார்குடி): நெல் கொள்முதல் நிலையத்தில் மூன்று நாள் காத்துக்கிடந்து திரும்பிய அண்ணன், நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார். ஒரு நல்ல மகசூல்கூட அவருக்கு நினைவில்லையாம். பொய்யா?

பதில்: பொய்யில்லை. சோர்ந்த மனத்துக்குச் சோர்ந்த நினைவுகளே முதலில் வரும். 1981-இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் பவர் இதை வலைபோல விளக்கினார்: ஒரு முடிச்சை இழுத்தால் அதோடு கட்டியவை எல்லாம் அசையும். வாழ்க்கையை எடைபோடுவதும் அப்படித்தான். 1983-இல் ஷ்வார்ஸ், க்ளோர் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் தொலைபேசியில் விசாரித்தபோது, வாழ்க்கை நன்றாக இருப்பதாக மக்கள் வெயில் நாளில் கூடுதலாகச் சொன்னார்கள். மழை நாளில் குறைவாக. "அங்கே வானிலை எப்படி?" என்று முதலில் கேட்டதும் அந்த வேறுபாடு மறைந்தது. பிந்தைய பெரிய ஆய்வுகளில் வானிலைக்கு இத்தனை வலு தெரியவில்லை. ஆனாலும் அந்த உத்தி எனக்குப் பயன்பட்டிருக்கிறது. அண்ணனோடு வாதாடாமல், "நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்களா?" என்று கேளுங்கள். எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பது அவர் வாயிலேயே வரட்டும். பத்திரம் பத்து நாள் பொறுக்கும்.

கேள்வி (திருவாரூர்): நமக்கு மழைதானே மகிழ்ச்சி?

பதில்: சம்பா நடவில் மகிழ்ச்சி. தை அறுவடையில் பெய்தால்?

கேள்வி (தஞ்சாவூர்): எப்போதும் மனம் சரியில்லை. என்ன செய்வது?

பதில்: வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்று நான்காவது முறையாக இதை எழுதுகிறேன்.

கேள்வி (பாபநாசம்): எங்கள் தாத்தா காலத்தில் மேட்டூர் அணை ஜூன் 12 தவறாமல் திறந்தது. அவர் ஞாபகத்தையும் மனநிலை என்பீர்களா?

பதில்: என்பேன். 1934 முதல் பார்த்தால் அந்தத் தேதி தவறிய ஆண்டுகளே அதிகம். நுரையோடு தண்ணீர் வாய்க்காலில் நுழைந்த நாள் அவருக்குத் திருவிழா, அது பதிந்துவிட்டது. திறக்காத ஜூனுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது.

மீண்டும் பாபநாசம்: தாத்தாவை அவமதிக்கிறீர்கள்.

பதில்: என் தாத்தாவும் இதையேதான் சொன்னார், ஐயா. 2022-இல் மே 24-லேயே திறந்தார்களே, அதை உங்கள் வீட்டில் யாராவது சொல்கிறார்களா?

கேள்வி (நாகப்பட்டினம்): கோபத்தில் எடுத்த முடிவு...

பதில்: கையெழுத்துப் போட்டாயிற்றா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.