விண்கலங்களும் ரோபோக்களும் ஸ்கேல் மாடலிங்கில் சேருமா?

கேள்வி இதுதான்: "மாடலிங் இதழ்களில் டாங்கி, போர் விமானம், கப்பல் இவற்றுக்கு நடுவே அறிவியல் புனைவு விண்கலங்களும் ரோபோக்களும் வருகின்றன. உலகத்திலேயே இல்லாத ஒன்றுக்கு ஏது அளவு விகிதம்? இதை ஸ்கேல் மாடலிங் என்று எப்படி ஏற்றுக்கொள்வது?"

தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். இருபது வருடங்களாகப் பிளாஸ்டிக் கிட், அதாவது உறுப்புகளாகப் பெட்டியில் வரும் மாடல்களை, ஒட்டுகிறேன். முதல் பத்து வருடங்கள் 1/72 அளவு (அசலின் நீளத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) விமானங்களைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இதே கேள்வியை நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு போட்டியில் நண்பர் கொண்டுவந்த விண்கலத்தை "இதர வகை" என்று எழுதிய மேசையில் பொம்மைக் கார்களோடு சேர்த்து வைத்தார்கள். அவர் முகம் வாடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்துதான் இதை ஆழமாக யோசிக்கத் தொடங்கினேன்.

முதலில் அளவு விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டார் ட்ரெக் தொடரின் எண்டர்பிரைஸ் கலத்தை வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ். அதன் நீளம் 947 அடி என்று அறுபதுகளிலேயே முடிவாகிவிட்டது. அதாவது சுமார் 289 மீட்டர். போலார் லைட்ஸ் நிறுவனம் 2012இல் அதை 1/350 அளவில் கிட்டாக வெளியிட்டது. முடித்து வைத்தால் 82 சென்டிமீட்டர் வரும். போர்க்கப்பல் மாடல்களுக்கும் அதே 1/350தான் வழக்கமான அளவு. ஜப்பானின் யமாட்டோ கப்பலை அந்த அளவில் செய்தால் 75 சென்டிமீட்டர். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய பீரங்கிப் போர்க்கப்பலைவிட அந்தக் கற்பனைக் கலம் எவ்வளவு நீளம் என்பது கண்ணுக்கே தெரியும். அளவு விகிதம் என்பது இதற்காகத்தானே?

"ஒப்பிட்டுப் பார்க்க அசல் எங்கே?" என்பார்கள். அசல் வாஷிங்டனில் இருக்கிறது. படப்பிடிப்புக்காகச் செய்த பதினோரு அடி எண்டர்பிரைஸ், பெரும்பாலும் மரத்தால் ஆனது, 1974இல் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இடையில் பல முறை பழுதுபார்த்ததில் பழைய பெயிண்ட் பெரும்பாலும் போய்விட்டது. தட்டு போன்ற முன்பகுதியின் மேற்பரப்பில் மட்டும் அறுபதுகளின் பெயிண்ட் தப்பிப் பிழைத்திருந்தது. 2016இல் முடிந்த சீரமைப்பில் அந்தப் பரப்பை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இடங்களை அதற்கு ஒத்த நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சாம்பல் நிறத்தில் பச்சை கலந்திருக்கிறதா, மேலே பென்சிலால் போட்ட கட்டக் கோடுகள் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று மாடல் செய்கிறவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஜெர்மன் டாங்கியின் மஞ்சள் நிறம் எது என்று நடக்கும் வாதத்துக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். திரையில் பார்த்த விண்கலங்கள் பலவும் நம் பொழுதுபோக்கின் பெட்டிகளிலிருந்தே பிறந்தவை. இங்கிலாந்தில் அறுபதுகளில் தண்டர்பேர்ட்ஸ் தொடருக்காக டெரெக் மெடிங்ஸ் குழுவினர் கடையில் விற்கும் கிட்களின் உறுப்புகளை ஒட்டித்தான் தங்கள் மாடல்களுக்கு நுணுக்கம் சேர்த்தார்கள். 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்காகக் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை செய்தவர்களும் டாங்கி, கார், விமானக் கிட்களை நூற்றுக்கணக்கில் வாங்கிப் பிரித்துப்போட்டார்கள். அந்தப் படத்தின் விண்கலமான, ஐந்தடி நீள மில்லேனியம் ஃபால்கனின் மேற்பரப்பில் குழாயும் பெட்டியுமாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அந்த உறுப்புகள்தான். படத்தில் இருந்த அதே அளவில் அந்தக் கலத்தைத் திரும்பச் செய்ய நினைப்பவர்கள், எழுபதுகளில் வந்த அதே கிட்டைத் தேடி அலைகிறார்கள். எந்த டாங்கியின் எந்தத் துண்டு எந்த மூலையில் எந்தக் கோணத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கண்டுபிடிப்பதற்கு, டாங்கிகளைப் பற்றியும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

இனி இதழ்கள். அமெரிக்காவில் ஃபைன்ஸ்கேல் மாடலர் 1982இல் தொடங்கியது. அதே ஆண்டில், 1969இலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ஹாபி ஜப்பான் இதழில் ஒரு புதுத் தொடர் ஆரம்பித்தது: எஸ்எஃப்3டி. செய்தவர் கோ யோகோயாமா என்ற கலைஞர். பழைய கிட்களின் உறுப்புகளையும் புட்டியையும் (இடைவெளி நிரப்பும் பசை) வைத்து, வீரன் உள்ளே புகுந்து நடக்கும் கவச உடைகளை அவர் 1/20 அளவில் உருவாக்கினார். மாடலின் புகைப்படம்தான் முதலில். 29ஆம் நூற்றாண்டில் கூலிப்படைகள் நடத்தும் போர் என்ற கதை அந்தப் படங்களைச் சுற்றி வளர்ந்தது. அதற்கு அடிப்படையாகத் திரைப்படமோ தொலைக்காட்சித் தொடரோ கிடையாது. மாத இதழின் பக்கங்களிலேயே ஓர் உலகம் உருவானது. நிட்டோ நிறுவனம் அவற்றைக் கிட்டாக வெளியிட்டது. 1985உடன் தொடர் நின்றது. உரிமை குறித்துத் தகராறும் வந்தது. பிறகு மாஷினன் க்ரீகர் என்ற பெயரில் மாடல் கிராஃபிக்ஸ் இதழில் மீண்டும் உயிர்பெற்றது. இன்று ஹசெகாவா, வேவ் ஆகிய நிறுவனங்கள் அதன் புதிய கிட்களைச் செய்கின்றன. ஒரு பொழுதுபோக்கு இதழ் தன் வாசகர்களுக்குக் கொடுத்த இதைவிடப் பெரிய பரிசு எதுவும் எனக்குத் தெரியாது.

ஜப்பானின் குண்டம் தொடரில் வரும் ரோபோக்களின் கதையிலும் இதழுக்குப் பங்குண்டு. 1979இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் போதிய வரவேற்பின்றி முன்கூட்டியே முடிந்துபோனது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அதன் 1/144 கிட்டை 300 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1981இல் ஹாபி ஜப்பான் அதற்கென்றே ஒரு சிறப்பு வெளியீடு போட்டது. அந்த எளிய கிட்களை வெட்டி, கை கால் விகிதத்தைத் திருத்தி, ராணுவ வாகனம் போலப் பெயிண்ட் அடிப்பது எப்படி என்று அதில் கற்றுக்கொடுத்தார்கள்.

வேலை எளிது என்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். விமானத்தில் கறை எங்கே வரும் என்று புகைப்படம் சொல்லிவிடும். புகைக்கரி காற்றோட்டத்தோடு பின்னால் போகும். முதல் முறை ஒரு விண்கலத்துக்குப் பழக்கதோஷத்தில் கரும்பழுப்பு ஆயில் பெயிண்டைப் புள்ளி வைத்து, தின்னரில் நனைத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே இழுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. இந்தக் கலம் தரையிறங்குவதே இல்லை. மழை எங்கிருந்து வந்தது? காற்றில்லாத இடத்தில் இந்தக் கோடு எந்தப் பக்கம் வழியும்? எல்லாவற்றையும் துடைத்து எடுத்தேன். கதவின் விளிம்பில் கையுறை உரசும் இடத்தில் மட்டும் பஞ்சால் வெள்ளி நிறத்தை ஒற்றினேன். உந்துகுழாயின் வாயைச் சுற்றி வெப்பத்தால் நீலமும் பழுப்புமாக மாறும் நிறத்தை ஏர்பிரஷில் மெல்லியதாகப் படரவிட்டேன். பறவை எச்சம், சேறு, துரு எதற்கும் அங்கே வேலையில்லை. ஒவ்வொரு கீறலுக்கும் காரணத்தை நானே யோசிக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் ஆனது. அதே நேரத்தில் இரண்டு விமானங்களை முடித்திருப்பேன்.

கவச உடை என்றால் கணக்கு நேர்மாறு. கணுக்கால் வரை சேறு, முழங்கால் மூட்டில் கிரீஸ், வீரன் ஏறும்போது மிதிக்கும் படியில் தேய்ந்த பெயிண்ட். டாங்கி செய்து கற்ற அத்தனையும் அப்படியே கைகொடுக்கும்.

இதழ்களில் புனைவுக்கு ஒதுக்கும் பக்கங்கள் அதிகம் என்று குறைப்படுபவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. காசு கொடுத்து வாங்கும் இதழில் தன் விருப்பமான ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்குப் பதில் ரோபோ இருந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகாமல் ஒரு முறை படித்துப் பாருங்கள். இணைப்புக் கோட்டைப் புட்டியால் நிரப்பி உப்புத்தாளால் தேய்ப்பதும், டெக்கால் (சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் அடிப்பதும் இரண்டுக்கும் ஒன்றுதான். பிளாஸ்டிக் மாடல் செய்பவர்களின் சங்கமான ஐபிஎம்எஸ் அமெரிக்காவில் நடத்தும் தேசியப் போட்டியில் அறிவியல் புனைவு மாடல்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

நீங்கள் தொடங்க விரும்பினால் மாஷினன் க்ரீகர் 1/20 கவச உடை ஒன்றை வாங்குங்கள். உறுப்புகள் பெரியவை, வளைந்த பரப்புகள் தூரிகைக்கே வசப்படும், ஏர்பிரஷ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த நிறம் அடிப்பது என்று குழம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் வீரன் எந்த நிலத்தில் நடக்கிறான் என்பதை மட்டும் முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். அதற்கேற்ற நிறம் தானாக வரும். என்னுடையது இப்போது பனியில் நடக்கிறது. வெள்ளைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை.