நன்றியும் கணக்கும்

(கடிதம் எழுதிய வாசகி பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவை நீக்கப்பட்டுள்ளன. கடிதம் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

2021இல் ஊரடங்கினால் கணவரின் வருமானம் நின்றுபோனபோது, மெட்ரிக் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளை ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வேறு வழியில்லாமல் சேர்த்தோம் என்பதே உண்மை. ஆனால் அங்கிருந்த தலைமையாசிரியை எங்கள் எண்ணத்தையே மாற்றிவிட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறியவள், ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் தாத்தாவுக்கு நாளிதழ் வாசித்துக் காட்டினாள். அந்த ஆண்டில் பள்ளியிலேயே காலை உணவும் வந்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லி முடியாது.

இப்போது பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணிதமும் அறிவியலும் எடுத்த ஆசிரியை சென்ற ஆண்டு மாறுதலில் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. மற்ற ஆசிரியர்கள் மாறி மாறி வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கு நோட்டில் பல வாரங்களாகத் திருத்திய குறியே இல்லை. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு உடைந்துகிடக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இவற்றைக் கேட்டேன். ஓர் ஆசிரியர், “காசு கட்டியா படிக்க வைக்கிறீங்க? ஃப்ரீயாத்தானே படிக்கிறாங்க” என்றார். கூட இருந்த பெற்றோரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால், “நீ கேள்வி கேட்டா அவங்க பிள்ளை மேலதான் காட்டுவாங்க” என்கிறார் கணவர். “வாத்தியாருங்க பிள்ளைங்கல்லாம் எங்க படிக்குது?” என்று கேட்கிறார் மாமியார்.

இவ்வளவு பெற்றுக்கொண்ட பிறகு குறை சொல்வது நன்றிகெட்டதனமா? கடன் வாங்கியாவது மகளை மறுபடி தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

தங்கள் வாசகி,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்களிடம் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் இரண்டு கேள்விகளும் அதிலிருந்துதான் கிளைத்திருக்கின்றன. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஏ பிரிவில் அடிப்படை உரிமையாக வைத்தது. அதைச் செயல்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூலி வேலை செய்பவரும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். பள்ளி நடப்பதும் ஆசிரியர் சம்பளம் பெறுவதும் அந்தப் பணத்தில்தான். ஆகவே உங்கள் மகள் அங்கே யாருடைய தயவிலும் உட்கார்ந்திருக்கவில்லை. இதை அந்த ஆசிரியரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், உங்கள் மனத்துக்குள் இது ஐயமின்றித் தெளிவாக இருக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. நேரம் தவறாமல் வருவது, பாடத்திட்டத்தை உரிய காலத்துக்குள் முடிப்பது, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆகியவற்றோடு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்து அவர்களுடைய பிள்ளையின் வருகை, திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிப்பதும் அதில் அடக்கம். நீங்கள் கணக்கு நோட்டைப் பற்றிக் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. நீங்கள் கேட்காவிட்டாலும் அவர்கள் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

இனி, அந்தப் பணியிடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதைப் பார்க்கலாம். உங்கள் பள்ளியில் உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம், அன்று உங்கள் எதிரே நின்றிருந்த ஆசிரியராக இல்லாமல் இருக்கக்கூடும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் சட்டம் குறைந்தபட்சமாகக் கேட்பது வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் மூவரை: கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப்பாடங்களுக்கு ஒருவர். சிறிய நடுநிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியை மாறுதலில் போனால் இரண்டு பாடங்கள் ஒரே நாளில் அனாதையாவது இதனால்தான். தமிழ் கற்பிக்கப் பயின்றவர் முழு எண்களின் வகுத்தலை நடத்துவதும், நோட்டைத் திருத்தத் தயங்குவதும் அதன் தொடர்ச்சி.

தொடக்கப்பள்ளியின் கணக்கு இன்னும் கொடியது. அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்றாவது குழந்தை வந்தால்தான் மூன்றாமவர். ஆகஸ்ட் 1ஆம் தேதி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடங்களைக் கணக்கிட்டு, உபரி என்று கண்டவர்களைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆசிரியர் போதவில்லை என்று நான்கு பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் மறு ஆண்டு இருக்கிற ஆசிரியரில் ஒருவரும் போய்விடுவார். அதைக் கண்டு இன்னும் நான்கு பேர் கிளம்புவார்கள். பல சிற்றூர்ப் பள்ளிகள் இப்படித்தான் தேய்ந்தன. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது என்பதால் எல்லோரும் ஆசிரியரைச் சொல்கிறோம். துறையில் பெற்றோரின் கண்ணுக்குத் தெரியும் ஒரே முகம் அவருடையதுதானே.

என் அண்ணி ஈராசிரியர் பள்ளியொன்றில் இடைநிலை ஆசிரியை. அவர் காலையில் பள்ளிக்குள் நுழைந்தவுடன் கைப்பேசிச் செயலியில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். கல்வித் துறையின் தகவல் பதிவுத் தளமான எமிஸில் மாணவர் விவரங்களைத் திருத்த வேண்டும்; உதவித்தொகைக்காக ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். அவரே வாக்குச்சாவடி நிலை அலுவலரும்கூட என்பதால் வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் வீடு வீடாக ஏற வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணி எதையும் ஆசிரியருக்குத் தரக்கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பள்ளிக்குள்ளேயே குவியும் பதிவு வேலையை அது தடுக்கவில்லை. உடன் பணியாற்றுபவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புகளும் இவர் கையில். அப்படியொரு நாளில் வாசலில் வந்து நிற்கும் தாய்க்குத் தெரிவது, பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, கைப்பேசியை நோக்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை மட்டுமே.

இதைச் சொல்வது எல்லா ஆசிரியரையும் காப்பாற்றுவதற்காக அன்று. பாடம் நடத்தாதவர்கள் இருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களால்தான் அதிகக் கேடு. பயிற்சியோ செயலியோ அந்த எண்ணத்தைத் திருத்தாது. உங்களிடம் பேசியவர் அவர்களில் ஒருவரா, அல்லது மூன்று பேர் வேலையைச் செய்து களைத்தவர் வாய்தவறிச் சொன்னாரா என்பதை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. இரண்டாவதாக இருந்தாலும் அச்சொல் மன்னிக்கத்தக்கதன்று என்றே கருதுகிறேன்.

உங்கள் மாமியாரின் கேள்வி பழையது, நியாயமானதும்கூட. 2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், உத்தரப்பிரதேசத்தில் அரசிடமிருந்து ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளிகளிலேயே படிக்கவைக்க வழிசெய்யும்படி உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ்வழியில் சேர்த்தபோது அது நாடு முழுவதும் செய்தியானது. ஓர் அரசு அலுவலர் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது செய்தியாகும் நிலையே நமக்கு வேண்டிய அளவு சொல்லிவிடுகிறது. ஆசிரியரை மட்டும் இதில் நிறுத்திவைத்துக் கேட்பதை நான் ஏற்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் மருத்துவரும் கடைக்காரரும், தளத்தில் எழுதுகிற நாங்களும் வெளியேறியவர்கள்தாம். அதிகாரியிடம் போய் உரத்துப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாம் போனபின், பேசப் பழக்கமில்லாத பெற்றோரிடம் ‘ஃப்ரீயாத்தானே’ என்று சொல்வது எளிதாகிவிட்டது. அன்று கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை என்று வருந்துகிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்களோ.

நன்றியைப் பற்றி. 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் ஒருவர் மாறுதல் ஆணையோடு கிளம்பியபோது, மாணவர்கள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத படங்கள் பரவின. பெற்றோரும் எதிர்த்ததால் மாறுதல் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் படங்களைப் பார்த்து நெகிழாதவர் இல்லை. எனக்கு நெகிழ்ச்சியோடு ஒரு சங்கடமும் இருந்தது. ஒருவர் நன்றாகக் கற்பிக்கிறார் என்பதற்குப் பிள்ளைகளின் கண்ணீரைத் தவிர வேறெங்கும் பதிவு இல்லாத ஒரு துறை, அவரை எண்ணிக்கைப்படி எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கிறது. நாமும் நல்லாசிரியரைத் தெய்வம் என்கிறோம், மற்றவரைத் தண்டச் சம்பளம் என்கிறோம். இரண்டு பேரும் எழுதப்பட்ட கடமைகள் உள்ள பணியாளர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். உங்கள் மகளை வாசிக்கவைத்த தலைமையாசிரியையிடம் நீங்கள் நன்றியோடு இருப்பது மிகச் சரி. அந்த நன்றி அவருக்கு உரியது. அதை அடமானம் வைத்து, வேறொரு பள்ளியின் உடைந்த கழிப்பறைக் கதவைப் பற்றி நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவரேகூடக் கேட்க மாட்டார்.

கணவரின் அச்சம் பொய்யில்லை. தனியாகக் கேட்கும் தாயின் பிள்ளை வகுப்பில் அடையாளம் காணப்படலாம். அதனால்தான் தனியாகக் கேட்காதீர்கள் என்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2022இல் மறுகட்டமைப்புச் செய்தபோது இருபது உறுப்பினர்களில் பதினைந்து பேர் பெற்றோர். தலைவரும் பெற்றோரில் ஒருவரே. உங்கள் பள்ளியில் அந்தத் தலைவர் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு தாயாகவே இருப்பார். தலைமையாசிரியர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவராகவும் இருக்கலாம். அவரோடு வேறு மூன்று நான்கு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் கழிப்பறைக் கதவையும் கணித ஆசிரியர் பணியிடத்தையும் தீர்மானமாக எழுதவையுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறிய ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலர் வாய்வார்த்தையாகத் தட்டிக்கழிப்பது கடினம். 2022இல் காலிப்பணியிடங்களை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு அனுமதித்தது; பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று முதலில் வைத்தார்கள். அந்தத் தொகைக்கு ஒரு பட்டதாரியை வைப்பது பெருமைக்குரியதன்று, ஆனால் உங்கள் மகளின் ஏழாம் வகுப்பு காத்திருக்காது. அந்த முன்னுதாரணத்தைச் சுட்டிக் கேளுங்கள். தலைமையாசிரியர் உங்களைப் பகைப்பார் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். மேலே எழுதிக் கேட்கத் தமக்கொரு காகிதம் கிடைத்ததே என்று அவர் மகிழவும் கூடும். ஒன்றும் நகரவில்லையென்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

தனியார் பள்ளிக்கு மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுப் பள்ளி வாழ வேண்டும் என்பதற்காக உங்கள் மகள் கணக்குத் தெரியாமல் வளர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிறர் பிள்ளையை வைத்துக் கொள்கை பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. எனினும் கடன் வாங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதலே கணக்கிடுகிறார்கள். ஏழாம் வகுப்பில் தனியாருக்குப் போய்விட்டு ஒன்பதில் திரும்பி வந்தால் இவை கைநழுவும். பேருந்தில் போகும் தூரத்தில், பாடத்துக்கொரு ஆசிரியர் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே சேரலாம், பயண அட்டையும் உண்டு. காலாண்டுத் தேர்வு வரை இந்தப் பள்ளியில் முயன்று பார்த்துவிட்டு அங்கே மாற்றினால் அதை வெளியேற்றம் என்று எவரும் சொல்ல முடியாது.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். ஆசிரியர்மேல் வரும் புகார்களுக்குக் கோப்பு இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி குறிப்பாணை வரை போகும். பாராட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மகளைச் சேர்த்தபோது அவள் எப்படி இருந்தாள், ஐந்தாம் வகுப்பு முடித்தபோது எப்படி வாசித்தாள் என்பதை, அந்தத் தலைமையாசிரியை செய்ததை விவரித்து, ஒரு பக்கக் கடிதமாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி, நகலை அவருக்கும் அனுப்புங்கள். கணித ஆசிரியர் கேட்டு எழுதும் கடிதமும் அதே அலுவலகத்துக்குத்தான் போகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் அனுப்பினால், யார் எழுதுகிறார் என்பது அவர்களுக்கு நன்றாகவே விளங்கும். பணியிடத்தைப் பற்றிப் பதில் ஏதும் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள், வராவிட்டாலும் தெரிவியுங்கள்.

அன்புடன்.